சூக்கா வேண்டாம் என்ற இருவர்

முதலில் நின்றது பிரியாணி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்தரிக்காய்த் தொக்கைத் தொட்டு வாயில் வைத்த கவளம் நெஞ்சுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் குடித்தேன். அதுவும் அதன் தலைமேலேயே நின்றது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, கேஸ் என்று மனைவியிடம் சொன்னேன். எங்கள் ஆம்பூரில் ஆள் சாகிற நாள்வரைக்கும் எல்லா நோய்க்கும் கேஸ் என்றுதான் பெயர்.

சில நாள் கழித்து இட்லி நின்றது. அப்போதுதான் பயந்தேன். பிரியாணி நின்றால் கறித்துண்டின் மேல் பழியைப் போடலாம். இட்லியை என்ன சொல்லித் திட்டுவது? கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் இட்லியில் ஆரம்பித்துக் கஞ்சிக்கு வந்து, வருஷம் திரும்புவதற்குள் மாலை போட்ட படமாகச் சுவரில் ஏறினார். அவருடைய முகம் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வந்து உட்கார ஆரம்பித்தது.

நான் ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவன். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வெளிச்சத்தில் மடக்கிப் பார்த்து, உண்ணி கடித்த இடம், முள்வேலி கிழித்த இடம் எல்லாவற்றையும் விரலாலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவேன். நல்லதாகத் தெரிகிற எதையும் நம்பாத புத்தி. தொழிலுக்கு இது சோறு போடும், நோயாளிக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்ததில் கழுத்து வலிக்க ஆரம்பித்து, அந்த வலிக்கும் சேர்த்துப் பயந்தேன்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. ராணிப்பேட்டையில் தோல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாமிக்கும் எனக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் பஸ் விரிஞ்சிபுரத்தைத் தாண்டும்போது, வழிப்போக்கர்களுக்குத் துணையாக அங்கே ஒருவர் இருக்கிறார் என்று மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கையில் நானும் போட்டுக்கொண்டேன். பயம் வந்தால் பழைய சண்டையெல்லாம் சமாதானமாகிவிடும் போலிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வெள்ளையாக எதையோ குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். இன்னொரு நாள் ரத்தம். இன்னொரு நாள் வெறும் காத்திருப்பு. ஒவ்வொரு முறையும் வெளியே வந்ததும் எதிரே இருக்கிற லாட்ஜ் தெருவுக்குள் போய்விடுவேன். வீட்டில் என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் அங்கே கிடையாது.

அந்தத் தெருவில் கால் வைத்தால் தமிழ்நாடு முடிந்துவிடும். வைத்தியத்துக்கு வந்த வடக்கத்திக்காரர்கள் தங்கள் ஊர்ச் சமையலையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். காலையில் கச்சோரி, மத்தியானம் நெய் மிதக்கும் கிச்சடி, சாயங்காலமானால் கரி அடுப்பில் லிட்டி. கோதுமை மாவு உருண்டைக்குள் கடலை மாவை அடைத்துச் சுடுகிறார்கள். கூடவே சுட்ட கத்தரிக்காயைப் பிசைந்து பச்சைக் கடுகெண்ணெய் ஊற்றிய சோக்கா. பிரியாணிக்குத் துணை போவதற்கென்றே கத்தரிக்காய் பிறந்தது என்று நம்புகிற ஊர்க்காரன் நான். அந்த எண்ணெய் நெடி மூக்கில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கு இறங்கியது சத்து என்கிற பானம் மட்டும்தான். வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சீரகமும் போட்டுத் தருவார்கள். கம்பெனியில் பீகார் ஆட்கள் இதைப் பாட்டிலில் குலுக்கிக் குடிப்பதைப் பார்த்து, சுவருக்கு அடிக்கிற டிஸ்டம்பரா என்று கேட்டுச் சிரித்தவன் நான்தான். இப்போது அந்த டிஸ்டம்பர்தான் என்னை உயிரோடு வைத்திருந்தது.

சத்து இறங்குவதால் தைரியம் வரவில்லை. தண்ணீரும்தான் இறங்குகிறது. அதனால் பக்கத்து வண்டியில் பானி பூரி வாங்கி என்னை நானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கல்கத்தாக்காரர்கள் அதைப் புச்கா என்பார்கள், ஜார்க்கண்ட்காரர்கள் குப்சுப் என்பார்கள். புளித்தண்ணீரோடு வாயில் போட்டு, மாவாகும்வரை மென்று, விழுங்கிவிட்டுக் கண்ணை மூடி நிற்பேன். நின்றதா, போனதா? போய்விட்டால் அன்றைக்கு நான் பிழைத்தேன். நெஞ்சில் கொஞ்சம் உரசினாலும் வண்டிக்காரரும் தெருவும் இருட்டிக்கொண்டு வரும்.

அந்த வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்டு முடித்ததும் தண்ணீர் ஊற்றாமல், உருளைக்கிழங்கும் உப்பும் மட்டும் வைத்து ஒரு பூரியை இனாமாகத் தருவார்கள். சூக்கா என்று பெயர். அதற்காகவே அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதைப் பார்த்தாலே பின்வாங்குவேன். ஈரமில்லாத அந்த ஒரு பூரி போதும், என் கதையை நடுத்தெருவில் முடித்துவிடும்.

ஒருநாள் எனக்குப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். என்னைவிடக் கொஞ்சம் வயதானவர்கள். வண்டிக்காரர் சூக்காவை நீட்டினார். நான், நக்கோ பாய், வேண்டாம் என்றேன். அந்த மனிதரும் அதே நேரத்தில் கையை ஆட்டி மறுத்து, தன் பங்கை மனைவியின் தொன்னையில் வைக்கச் சொன்னார். அந்த அம்மா தன்னுடையதையும் அவருடையதையும் ஒன்றன்பின் ஒன்றாக நொறுக்கித் தின்றார். பிறகு என் தொண்டையையும் கணவனின் தொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேட்க எதுவும் மிச்சமில்லை. சூக்காவை வேண்டாம் என்று சொல்கிற ஆள் அந்தத் தெருவுக்கு எதற்காக வந்திருப்பான் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அவர்கள் தன்பாத் பக்கம், நிலக்கரிச் சுரங்க ஊர். ஆம்பூர் பாய்மார்களிடம் கற்றுக்கொண்ட என் உருதுவைக் கேட்டு அந்த மனிதர் சிரித்தார். எனக்கு முதலில் பிரியாணி நின்றது என்றேன். அவருக்கு மனைவி சுட்ட லிட்டி நின்றதாம். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் நேரே ஊருக்குப் போய் லிட்டியில்தான் கைவைக்கப் போவதாகச் சொன்னார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பயந்து கிடக்கிறவனுக்கு இன்னொரு பயந்தவன் கிடைத்தால் பாதி மருந்து.

ஆஸ்பத்திரியில் என் தொண்டையில் குழாய் விட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்:

"ரிப்போர்ட் வரட்டும். வரும்போது வீட்ல யாரையாவது கூட்டினு வாங்க."

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நல்ல சேதிக்கு எதற்குத் துணை? கம்பெனியில் மடக்கிப் பார்த்த தோலையே மறுபடி மறுபடி மடக்கிப் பார்த்தேன். சோறு மிச்சம் வைத்ததை மனைவி கேட்டபோது, உன் குழம்பு நல்லாயில்ல என்று எரிந்து விழுந்தேன். அவள் மறுநாள் ரசச் சோற்றைக் குழையக் குழையப் பிசைந்து வைத்தாள்.

ரிப்போர்ட் நாளில் தனியாகத்தான் போனேன். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கேன்சர் இல்லை, புளிப்பு மேலே ஏறி ஏறிக் உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறது, பலூன் விட்டு அகலப்படுத்திவிடலாம் என்றார். நல்லாப் பாத்தீங்களா என்று கேட்டேன். பார்த்தோம் என்றார். ஒரு துண்டை மட்டும் பார்த்துவிட்டு முழுத் தோலும் நல்ல தோல் என்று எப்படிச் சொல்வது என்று மறுபடியும் கேட்டேன். பல இடங்களில் எடுத்தோம் என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, யாரும் கூட வரலையா என்றார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்தேன். பலூனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நேரே வண்டிக்குப் போனேன். அவர்கள் இருவரும் அங்கே இருந்தார்கள். கூப்பிட வாயைத் திறந்தவன், அந்த மனிதரின் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டையும் அந்த அம்மாவின் முகத்தையும் பார்த்து அப்படியே நின்றேன். வண்டிக்காரர் சூக்காவை நீட்டினார். அந்த மனிதர் வழக்கம்போலத் தன் பங்கை மனைவியின் தொன்னையில் வைக்கச் சொன்னார். அந்த அம்மா அதை எடுத்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். இறங்கவில்லை. கன்னம் உப்பி, கண்ணில் நீர் தேங்கி, வாயை மூடியபடி தெருவைப் பார்த்து நின்றார்.

அந்த மனிதர் மனைவியின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அட்கா?" என்று மெதுவாகக் கேட்டார். நின்னுடுச்சா என்று அர்த்தம்.

பிறகு என்னைப் பார்த்து, உனக்கு என்ன ஆயிற்று என்று தலையை அசைத்தார். ஒன்றும் இல்லை என்று கையை லேசாக விரித்துக் காட்டினேன். புரிந்துகொண்டார். நல்லது, நல்லது என்று அவருடைய பாஷையில் சொல்லி என் தோளைத் தட்டினார். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. இவ்வளவு நாளும் என் தொண்டைக்காக மட்டுமே பயந்துகொண்டிருந்தேன்.

ஓரமாகப் போய் நின்று வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் அவள், "இன்னா, சாப்ட்டீங்களா?" என்றாள்.

"வேலூர்ல இருக்கேன். ஆஸ்பத்திரி எதிர்ல. பயப்படாத, ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. நீ கொஞ்சம் கெளம்பி வா."

வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, அந்தப் பக்கம் அவள் எச்சிலை விழுங்க முடியாமல் விழுங்குவது எனக்குக் கேட்டது.