உப்பு ஆகாத குறளி

எங்கள் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, கதை சொல்ல வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கே சரியாகத் தெரியாது என்பது அவருடைய அக்காவான என் அம்மாவின் கட்சி.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், அப்பாவும் அம்மாவும் துணி வியாபாரமாக சூரத்துக்குப் போயிருப்பதாக எங்களிடம் சொன்னார்கள். உண்மையில் அப்பா கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பல்லடத்தில் எங்கள் தறிக்குடோனில் நின்றுகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். அண்ணனையும் என்னையும் பார்த்துக்கொள்ள பெங்களூரிலிருந்து மாமா வந்தார்.

மாமாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. கூட வேலை செய்கிறவர்களோடு லீவு நாளில் ஆடும் விளையாட்டு ஒன்றை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கொரு வேஷம், கதையை அவர் நடத்துவார், சண்டை வந்தால் பகடை உருட்ட வேண்டும். அண்ணன் வாள்வீரன், நான் வில்லாளி. வெள்ளைக்காரர்களின் கதைகளில் காட்டுக்குள் திரிகிற, நினைத்தபடி உருமாறிச் சேட்டை செய்கிற குட்டிப் பிறவி ஒன்று உண்டாம். அதை எங்களுக்காகக் குறளி ஆக்கிவிட்டார். அந்தக் குறளி அந்தியூர்ச் சந்தையில் எருமையாக நின்று நல்ல விலைக்குப் போகும். பாதி வழியில் வாங்கியவனாகவே உருமாறி, அவன் வீட்டுக்குப் போய் அவன் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடும். நிஜ ஆள் ஏதோ ஒரு புளியமரப் பொந்தில் அடைந்து கிடப்பான். குறளி ஒரு ராத்திரி அந்த வீட்டில் தூங்கிவிட்டால் அப்புறம் அவனை மீட்கவே முடியாது. கண்டுபிடிக்க ஒரே வழி, குறளிக்கு உப்பு ஆகாது. நாக்கில் பட்டால் சொந்த உருவம் வெளியே வந்துவிடும்.

ஒரு நாள் மத்தியானம் காரிலிருந்து அம்மாவோடு அப்பா இறங்கினார். தறிச் சத்தத்திலேயே பேசிப் பழகியவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். எங்கள் அப்பா தண்ணீர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவருவார். அப்பேர்ப்பட்டவர், "நல்லாருக்கறயா அம்மணி?" என்று எனக்கே கேட்காத குரலில் கேட்டார். தலை வெளுத்திருந்தது. அதுவரை அவர் தலைக்கு மை பூசிவந்தது எனக்குத் தெரியாது. என்னைத் தூக்கவும் இல்லை. சூரத்திலிருந்து ஒரு மிட்டாய்கூட வரவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா அவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்திலிருந்து பருப்பு ஊற்றினாள். "அவருக்கு உப்பு ஆகாது, வேற வெச்சிருக்குது" என்று மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டேன். அண்ணனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. கதையை உண்டாக்கிய மாமாவோ தலை நிமிராமல் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். என் அப்பா எந்த மரப் பொந்தில் கிடக்கிறாரோ என்று நினைத்ததும் அழுகை முட்டியது. பொழுது சாய்வதற்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

சாயங்காலம் அம்மா உப்புப் போடாமல் மோர் கரைத்து, அப்பாவிடம் கொடுத்துவரச் சொன்னாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் கைக்கு வந்த மட்டும் கல் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். அண்ணன் கிரிக்கெட் மட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்றான். வீரன் என்று பேர், மட்டையின் நுனி மட்டும்தான் வெளியே தெரிந்தது.

அப்பா ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். என்னையே பார்த்தார். வால் முளைக்கப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வீடே அதிரும் பழைய குரலில், "அடடா, இதல்லவா மோரு! இன்னொரு டம்ளர் ஊத்திட்டு வா அம்மணி!" என்றார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதி, அப்புறம் எந்தப் பரீட்சை முடிவிலும் வந்ததில்லை. பாய்ந்து போய் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா ஓடிவந்து டம்ளரைப் பிடுங்கி நக்கிப் பார்த்தாள். அதட்டிக் கேட்டதும் குறளி, புளியமரம், உப்பு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அக்கா, நான் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லிப்போட்டனுங்க" என்று மாமா வாசல் பக்கம் நகர்ந்தார்.

அப்பா கட்டில் குலுங்கச் சிரித்தார். "ஏனுங்க, மெதுவாங்க, நெஞ்சு வலிக்கப்போகுது" என்று பதறிய அம்மா, அவர் சிரிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பாவம், அம்மாவுக்கும் இவர் அப்பாதானா என்று சந்தேகம் இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாதீங்கம்மா. அப்பாவேதான். நான் நல்லாப் பாத்துட்டேன்."

அதைக் கேட்டதும் அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நிஜ அப்பா திரும்பி வந்தாயிற்று என்று தெரிந்த பிறகும் இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.