கருப்பட்டிக் கடை வீட்டில் இன்சுலின்

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன அன்றே, அவர் மறுபேச்சில்லாமல் சீனியை விட்டுவிட்டார். காப்பிக்குக் கருப்பட்டி, பணியாரத்துக்குக் கருப்பட்டி. கொழும்புக்குச் சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி ஏற்றுகிற வியாபாரி வேறு எப்படிப் பத்தியம் இருப்பார்! "சீனிதாம்ளா கெடுதி. கருப்பட்டி மருந்துல்லா" என்று எனக்குப் பாடம் வேறு. எங்கள் தெருவே அதைத்தான் நம்பியது.

அந்த மருந்தைத் தின்ற அழகில் ஆள் பாதியாக இளைத்தார். கால் விரலில் பட்ட சின்னக் காயம் ஆறவே இல்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓரிரு வருஷம் இருக்கும். மறுபடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணாச்சி, கப்பல் நெறைய அரிசி வந்து நடுக்கடல்ல நிக்கு. தோணி போயி எறக்காட்டா ஊரு பட்டினிதான? ஒங்க ரத்தத்துல சர்க்கரை அப்படித்தான் நிக்கு. உடம்புல உள்ள செல்லெல்லாம் பட்டினி கெடக்கு. இன்சுலின்தான் தோணி. சீமையில ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது" என்றார் டாக்டர்.

வேறெதுவும் ஏறாத மண்டையில் தோணி என்றதும் ஏறிவிட்டது. ஊசி போட நான் பழகிக்கொண்டேன். போட்டதும் சாப்பிட வேண்டும், வேர்த்து மயக்கம் வந்தால் உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

காயம் ஆறத் தொடங்கியது. ஒருநாள் ஊசி போட்ட கையோடு, துறைமுகத்தில் சரக்கு ஏறுகிறதென்று சாப்பிடாமல் ஓடினார். திரும்பி வந்தவர் வாசலிலேயே சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, பேச்சு குழறியது. கருப்பட்டியைக் கரைத்துக்கொண்டு ஓடிவந்தேன். என் கையைப் பிடித்துத் தடுத்தது யார்? அதுவரை வாரம் தவறாமல் அவருக்குக் கருப்பட்டிப் பணியாரம் சுட்டுக் கொண்டுவந்த மதினி, அவருடைய அக்காள்.

"ஏளா, சர்க்கரை வியாதிக்காரனுக்கு இனிப்பக் குடுத்துக் கொல்லப் பாக்கியா?"

மகராசிக்கு ஞானம் வந்த நேரத்தைப் பாருங்கள்!

"விடுங்க மதினி, செத்துருவாரு!" என்று ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கரைசலை அவர் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். நல்லவேளை, விழுங்கினார். சற்று நேரத்தில் கண் தெளிந்தது. சுவரோரம் விழுந்து கிடந்த அக்காளைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏளா, அக்காவயா தள்ளிவிட்ட? ஒனக்கு எம்புட்டுத் திமிரு!"

அந்த வசவைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.