இது அக்காவின் முடிவு

போன வருஷம் மழைக்காலம். பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் என் அக்கா படுத்திருந்தாள். ஸ்ரீராம்புரத்தில் தெரு கூட்டுகிறவள், கணவரை இழந்தவள். சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல் அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் பிழைப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 'மேலே டிசைட் பண்ணிட்டாங்க' என்று சூப்பர்வைசர் சொன்னால், அதற்குமேல் யாரும் வாய் திறக்கக் கூடாது. 'டிசைட்' என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அவ்வளவுதான். வீட்டிலும் அதே கதை. எதுவானாலும் தாய்மாமா வைத்ததுதான் சட்டம். அக்காவின் கல்யாணத்தை முடிவு செய்ததும் அவர்தான். புருஷன் செத்ததும், அந்தப் புருஷன் பார்த்துவந்த துப்புரவு வேலைக்கு அவளை அனுப்பியதும் மாமாதான்.

அன்றும் வராந்தாவில் மாமா, அண்ணன், நான் மூவரும் கூடி நின்றோம். "ஒத்தக் கால வச்சிக்கினு இவ எப்படிப் பொழைப்பா? வூட்டுக்கு இட்டுக்கினு போயி நாட்டு மருந்து பாக்கலாம்" என்றார் மாமா. கண் கலங்கித்தான் சொன்னார், பாவம். நாங்களும் தலையாட்டினோம்.

"டிசைட் பண்ணிட்டோம் சார், ஆபரேஷன் வேணாம்" என்றான் அண்ணன்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே வரும். "அவங்களைக் கேட்டீங்களா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் எங்களையும் கூட்டிக்கொண்டு வார்டுக்குள் போய், கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்று அக்காவுக்கு நிதானமாகச் சொன்னார்.

"இது உங்க கால்மா. நீங்கதான் டிசைட் பண்ணணும்."

அக்கா வழக்கம்போல மாமாவின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் அவசரப்படுத்தவில்லை, எழுந்தும் போகவில்லை.

"எடுத்துடுங்க சார். நான் உசுரோட இருக்கணும்" என்றாள் கடைசியில். பிறகு மாமாவிடம், "கோச்சுக்காத மாமா. இத்தினி வருஷத்துல என்னை யாரும் எதுவும் கேட்டதில்ல. அவரு கேட்டாரு, சொல்லிட்டேன்" என்றாள். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இப்போது அக்கா செயற்கைக் காலோடு மெல்ல நடக்கிறாள். சில நாள் வலியில் எங்கள்மேல் எரிந்து விழுவாள், விழட்டும். நாங்கள் எல்லோரும் அவள்மேல் உயிரையே வைத்திருந்தோம், ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்காத அந்தப் பாசமே அவளைக் கொன்றிருக்கும்.