வெட்டிவிட்ட பச்சை வயர்

வயரிங் வேலையில் தப்புப் பண்ணுகிறவன் ஒருத்தன், ஷாக் வாங்குகிறவர் வேறொருத்தர். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கும் இது தெரியும். என்னை மாதிரியே நீங்களும் வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

ரெண்டு போதும்

கொடைக்கானலில் கரண்ட் அடுப்பு ஒன்றிரண்டு வீடுகளில் எட்டிப் பார்க்க ஆரம்பித்த சமயம். ரிட்டயரான வக்கீல் ஒருவர் வீட்டில் புது அடுப்பை மாட்டப் போனேன். அடுப்பிலிருந்து மூன்று வயர் வந்தது. சுவரிலோ ரெண்டு ஓட்டை பிளக். மூன்றாவது, பச்சை வயர், எர்த்துக்கு. அடுப்பில் கரண்ட் கசிந்தால் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் போக அதுதான் வழி. அதற்குத் தோட்டத்தில் இடுப்பளவு குழி தோண்டணும். வெளியே நல்ல மழை, எனக்கு மகா சோம்பல். பச்சையை வெட்டி, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். அடுப்பு ஜோராகச் சூடானது. வக்கீலம்மா பூரித்துப் போனார்.

"மொதல்ல வந்த ஆளு மூணு நாளாகும்னான். நீங்க வெரசா முடிச்சிட்டீங்களே."

பழப்பெட்டிப் பலகை

அந்த வீட்டுச் சமையல்காரர் சவரியம்மாள். பத்து நாளில் ஆள் அனுப்பிவிட்டார், பாத்திரத்தைத் தொட்டால் கை இழுக்கிறதென்று. நான் ரப்பர் பூட்ஸோடு நின்று தொட்டேன். எனக்கு ஒன்றும் இழுக்கவில்லை. காரணம் தெரிந்தும், "ஈரக்காலோட நின்னா அப்படித்தாங்க" என்று சொல்லி, பேரிக்காய்ப் பெட்டியிலிருந்து ரெண்டு பலகையைப் பிடுங்கிப் போட்டு, அதன் மேல் நிற்கச் சொன்னேன். அந்தம்மா பலகையையும் பார்த்தார், என் பூட்ஸையும் பார்த்தார்.

"சமையக்கட்டு பூரா நடக்கணுமே தம்பி, பலகையக் கால்லயா கட்டிக்கிட்டு அலையிறது?"

யார் மேல் குற்றம்

ஒருநாள் வெள்ளனே பால் பொங்க, பலகையை மறந்து வெறுந்தரையில் நின்று சட்டியைப் பிடித்திருக்கிறார். கை உதறி, பால் முழுக்கக் காலில் கொட்டிவிட்டது. இனி அந்த அடுப்பைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வக்கீலம்மா என்னைக் கூப்பிட்டு, சவரியம்மாளை வைத்துக்கொண்டே கேட்டார், அடுப்பில் கோளாறா, ஆளில் கோளாறா என்று. என் லைசென்ஸ் கண் முன்னால் வந்து நின்றது. "அடுப்புல ஒரு குத்தமும் இல்லைங்க" என்றேன். சவரியம்மாள் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலில் துணி சுற்றியிருந்தது. அன்றைக்கே வக்கீலம்மா அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

"நான் அப்பவே நெனச்சேன், இவளுக்குக் கரண்டுன்னாலே பயம்."

குழி

மறுவருஷம் எலக்ட்ரிக் இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்தார். அடுப்பு இருந்தால் மூணு பின் பிளக்கும் எர்த்தும் கட்டாயம் என்றார். பிளக்கைக் கழற்றி, வெட்டின பச்சை வயரை வக்கீலம்மா எதிரிலேயே வெளியே இழுத்தார். அங்கேயே செத்துப் போகலாம் போலிருந்தது. குழியை நானே தோண்டி மூடினேன். வக்கீலம்மா, "அவளக் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

சவரியம்மாள் பஜாரில் ஒரு பாய் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் விறகடுப்பு வெக்கையில் வெந்துகொண்டிருந்தார். காலில் தழும்பு அப்படியே இருந்தது. ஒன்று விடாமல் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். பிறகு, குழிக்குள் அப்படி என்னதான் போடுவீர்கள் என்று கேட்டார். ஒரு தகடு, அதைச் சுற்றி அடுப்புக் கரியும் கல்லுப்பும் என்றேன்.

"அம்புட்டுத்தானா? கரியும் உப்பும் என் சமையக்கட்டுலயே கெடந்துச்சே தம்பி, அன்னைக்கே கேட்டிருந்தா அள்ளிக் குடுத்திருப்பனே."

அன்றிலிருந்து என் வீட்டுக் குழம்பில் உப்பு எவ்வளவு குறைந்தாலும் நான் வாயைத் திறப்பதில்லை.