வெளியே போகும் மெயில்

எங்கள் லுங்கி கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே ஜாய்லின் அக்கா தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவர்தான், மெயில் சர்வர் படுத்தாலும் அவர்தான். சிவகிரியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். என்னைப் போலவே வீட்டின் முதல் பட்டதாரி.

போன மாதம் எங்கள் சர்வரிலிருந்து போன மெயில் ஒன்றில் வைரஸ் இருந்தது. துபாயில் எங்கள் சரக்கை எடுக்கும் கடையநல்லூர்க்காரர் ரிஸ்வான் அகமது, இன்னொரு தடவை வந்தால் எங்கள் மெயிலையே பிளாக் பண்ணிவிடுவதாகச் சொல்லிவிட்டார். முதலாளி அண்ணாச்சி அக்காவிடம் திரும்பினார்: "மறுபடி நடந்துச்சுன்னா நீ சிவகிரியிலயே இருந்துக்கோ."

அக்காவுக்கு நாள் முழுக்க ஆன்டிவைரஸ் விற்பவர்களிடம் போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, வரும் மெயிலை மட்டும் பார்க்கும். மற்றது, போவதையும் பார்க்கும், விலை கூடுதல்.

"வாரதப் பாத்தா போதாதா? பூச்சிக்கடிக்கு நம்ம கோயில் புத்துமண்ணு வாங்க ஊரு உலகமே இங்க வருது. நம்மகிட்டயிருந்தா பூச்சி போவும்?" என்றார் அண்ணாச்சி.

"போன தடவ இங்கனயிருந்துதான அண்ணாச்சி போச்சு?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாங்கித் தொல" என்றார்.

போட்ட அன்றே அது ஒரு மெயிலை நிறுத்தியது. அண்ணாச்சி தன் லேப்டாப்பிலிருந்து ரிஸ்வானுக்கு அனுப்பிய டிசைன்.

"ஏட்டி, என் காசுல வாங்கி என்னையே நிறுத்துதியா? எனக்கு மட்டும் தொறந்து விடு."

"அதுல வைரஸ் இருக்கு அண்ணாச்சி."

"நான் சொல்லுதேம்லா!"

அக்கா எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். "நான் தொறக்க மாட்டேன். உக்காந்து நீங்களே தொறங்க. இந்த பட்டன்தான். ரிஸ்வான் அண்ணன் கேட்டா நாந்தான் அனுப்புனேன்னு சொல்லிருங்க."

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். உட்காரவில்லை. லேப்டாப்பை எடுத்துவந்து மேசையில் வைத்தார். "புடி, ஒன் பூச்சிய."

நானாக இருந்தால் திறந்துவிட்டிருப்பேன். வேலை போய்விடும் என்ற பயத்திலா, எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லாததாலா, தெரியவில்லை. அதே டிகிரிதான் எனக்கும்.

லேப்டாப்பைச் சுத்தம் செய்து டிசைன் துபாய்க்குப் போனபோது, அக்கா வழக்கமாகப் போகும் பஸ் போய்விட்டிருந்தது. "காலையில நேரத்தோட வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணாச்சி கிளம்பினார். அக்காவின் வேலை போகவில்லை என்று அர்த்தம்.

"அக்கா, பேப்பர் சிக்கிட்டு!" என்று பில்லிங்கிலிருந்து குரல் வந்தது.

மேசையில் கவிழ்ந்த தலையை அக்கா நிமிர்த்தவில்லை. "ஏலே அபிஷேக், அத மட்டும் நீ பாருலே."

எழுந்து போனேன்.