கிணற்றுப் படத்துக்கு முதலாமிடம்

பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை நம் குடும்பக் குறூப்பில் நீங்கள் மூவரும் செய்த வேலையைப் பார்த்தேன். அந்த இயக்குநரின் படங்களில் திறமானது எது, மோசமானது எது என்று வரிசை போட்டீர்கள். அதுவரைக்கும் சரி. உங்கள் மாமி குரல் அனுப்பி, "எனக்கெண்டா கிணத்துப் படம்தான் முதலாவது" என்றதும், சிரிக்கிற மூஞ்சிகளாக அடுக்கி அனுப்பினீர்களே, அது சரியில்லை. "மாமிக்குப் படம் விளங்கல்ல" என்று மூத்தவர் எழுதியது அதைவிட மோசம். வாயால் ஏசினால் மறந்துபோவீர்கள். அதனால் எழுதுகிறேன். இயக்குநரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அங்கிருந்து திரும்பவும் சண்டையைத் தொடங்குவீர்கள்.

நீங்கள் சிரித்த அதே சிரிப்பை உங்களுக்கு முன்னமே சிரித்தவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

மருதமுனையில் எங்கள் வீட்டு முன் மண்டபத்தில் மாதத்துக்கு ஒருமுறை படம் ஓடும். சின்ன மாமா கல்முனைக்குப் போய் வீடியோ டெக்கும் கசெற்றும் வாடகைக்கு எடுத்து வருவார். மண்டபத்தில் பாய் விரித்து ஆண்கள் இருப்போம். அயல்வீட்டு இளந்தாரிகளும் வருவார்கள். அதனால் வயதுக்கு வந்து பெரியபிள்ளையான என் ராத்தா, உங்கள் மாமிதான், திரைச்சீலைக்கு அந்தப்பக்கம், உள்ளறையில் இருப்பாள். திரை விலகினால் உம்மா இழுத்து மூடுவா. ராத்தாவும் நானும் ஒரே இயக்குநருக்குத்தான் பைத்தியம். அவருடைய ஆறு படங்களும் எங்கள் வீட்டில் ஓடின. நான் ஆறையும் பார்த்தேன். அவள் ஆறையும் கேட்டாள்.

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமா ஒரு வாக்குக் கொடுத்தார். ஒரு கசெற் வரும். பெருநாளன்று பின்னேரம் ஆண்களுக்கு. அடுத்தநாள் காலையில் ஆண்கள் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விட வேண்டும், மண்டபம் பெண்களுக்கு. அந்த ஆறில் எந்தப் படம் என்பதை நானும் ராத்தாவும் எழுதும் வரிசையைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

நான் லொறிப் படத்தை முதலாவதாகப் போட்டேன். மலைப்பாதையில் ஏழு லொறி துரத்தும். கிணற்றுப் படத்தைக் கடைசியில் தள்ளினேன். புருசன் வருவான் என்று ஒரு பெண் படம் முழுக்கத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பாள், வேறொன்றும் நடக்காது. ராத்தாவின் தாளில் கிணற்றுப் படம் முதலாவது, லொறிப் படம் ஆறாவது.

மாமா இரண்டு தாளையும் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "அவள் கேட்டதையே போடுவமா மனே? பாவம்" என்றார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "அவட லிஸ்ட் கள்ள லிஸ்ட் மாமா. அவ ஒரு படமும் பாத்ததில்ல" என்றேன். அவளைப் பார்த்துக் கேட்டேன். "கிணத்துப் படத்தில கடைசியா அந்தப் பொம்பிள கட்டியிருந்த சாரி என்ன நிறம்? சொல்லு பாப்பம்."

"நிறம் தெரியாது தம்பி. முதல்ல அவட கையில காப்பு நிறைய இரிந்திச்சு. போகப்போகக் குறைஞ்சிச்சு. கடைசியில கிணத்துக் கப்பி மட்டும்தான் கத்திச்சு" என்றாள் ராத்தா.

"காப்பா? அவ காப்புப் போட்டதையே நான் காணல்ல. கனவு கண்டிருப்பாய்" என்றேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். உம்மாவும் சிரித்தா. ராத்தா தன் தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டாள்.

லொறிப் படம் வந்தது. அடுத்தநாள் காலை பெண்கள் மண்டபத்தை நிறைத்தார்கள். என் ராத்தா கண்ணால் பார்த்த முதல் படம் அதுதான். நாங்கள் கடற்கரையிலிருந்து திரும்பி வந்தபோது, "எப்பிடி?" என்று வீறாப்பாகக் கேட்டேன்.

"சோக்கா இரிந்திச்சு தம்பி. லொறியெல்லாம் நல்லா உருண்டிச்சு" என்றாள்.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த பெருநாளுக்கு முதல் அவளுக்குக் கலியாணம் முடிந்தது, டெக்கும் அதோடு நின்றுபோனது. திரைச்சீலையை யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப்பக்கம் இருந்தவளிடமே போய்ச் சாரியின் நிறம் கேட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது. சிரித்த மாமாவின் மீதும் கோபம் ஆறவில்லை. இப்போது உங்கள் மீதும்.

ஓ.எல். வரைக்கும் படித்தவன் நான். படங்களை எப்படி அளப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. மாமியிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவ்வளவுதான்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. போனில் கிணற்றுப் படத்தைப் போட்டேன். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். தொடக்கத்தில் வாளி ஏறும்போதெல்லாம் காப்புகள் கலகலவென்று கேட்டன. பிறகு இரண்டு மூன்று. பிறகு ஒன்று, எதிலும் மோதாமல், எப்போதாவது கயிற்றில் மட்டும் பட்டு. கடைசியில் கப்பி.

படம் முடியும்வரை போனைத் திருப்பவில்லை.