டியூஷனுக்கு வந்த என் மகள்

என் மகளை ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கவில்லை. எட்டு வயதுவரை நானே வீட்டில் வைத்துப் படிப்புச் சொல்லிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே காரணத்தைச் சொன்னேன். அது பொய். அதை எழுதிவிடலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. முதலில் படிக்க வேண்டியவள் என் மனைவி. அவள் இப்போது இல்லை.

நான் திருவள்ளூர்க்காரன். தலைமுறைகளாகக் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பம். பி.ஏ. முடித்து, கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். என் மனைவி பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் என்னோடு கல்லூரியில் படித்தவன். அறுபதுகளின் நடுவில் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அன்றோடு அவள் வீட்டார் அவளைத் தலைமுழுகினார்கள். அதன் பிறகு மறைப்பதற்கு அவளிடம் எதுவும் இல்லை. என்னிடம் இருந்தது.

என் வீட்டில் நான் சொல்லவில்லை. ஆலைக்குப் பக்கத்தில் தனியாக அறை எடுத்திருக்கிறேன் என்றே நம்பினார்கள். மாதம் ஒருமுறை நான் மட்டும் திருவள்ளூர் போய்வருவேன். விஷயம் தெரிந்தால் பங்காளிகள் அப்பாவைக் கோயிலில் நிற்க விடமாட்டார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் நியாயமானதா என்று ஒருநாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆரம்பாக்கத்தில் குடியிருந்தோம். ஆலைக்கு ரயிலில் போய்வந்தேன். மகளுக்கு ஐந்து வயதானதும் மனைவி பள்ளிக்கூடப் பேச்சை எடுத்தாள்.

"நான் அஞ்சாவதோட நிறுத்தப்பட்டவ. இவ அப்படி நிக்கக் கூடாது."

"நிறுத்தறேன்னா சொன்னேன்? பள்ளிக்கூடத்துல மதம் என்னன்னு எழுதச் சொல்வான். ஒண்ண எழுதினா இன்னொண்ணு இல்லேன்னு ஆயிடும். காலையில ஒரு சாமிப் பாட்டு, மத்தியானம் ஒரு கேலி. நம்ம கையில வளரட்டும். ரெண்டையும் தெரிஞ்சுக்கட்டும். பெரியவளானதும் அவளே முடிவு பண்ணட்டும்."

இந்தக் காரணத்தைச் சொன்ன வேறு சிலரையும் நான் அறிவேன். அவர்கள் உண்மையாகவே அப்படி நினைத்தவர்கள். கணவன் ஒரு வழியிலும் மனைவி வேறு வழியிலும் கும்பிடும் வீட்டில், வெளியார் யாரும் பிள்ளையை ஒரு பக்கமாக இழுத்துவிடக் கூடாது என்ற கவலை இருக்கத்தான் செய்யும். அந்தக் கவலை எனக்குத் துளியும் இருக்கவில்லை. பள்ளிப் பதிவேட்டில் என் பெயரும் மனைவியின் பெயரும் ஒரே வரியில் ஏறும். அதை யாராவது பார்ப்பார்கள். என் கவலை அவ்வளவுதான்.

மனைவி என்னை நம்பினாள். என் மகளும் நன்றாகப் படித்தாள். காலையில் நான் பாசுரமும் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுப்பேன். மாலையில் அவள் உம்மாவிடம் குர்ஆன் ஓதுவாள். என்னை அப்பா என்றும் அவளை உம்மா என்றும் கூப்பிடுவாள். எதிர்வீட்டு லாரி டிரைவர் மட்டும் போகும்போதும் வரும்போதும் கேட்பான்.

"இன்னா சார், பொண்ண ஊட்லயே வச்சிக்கினு கீற? ஸ்கூலுக்குப் போனா தேஞ்சிடுமா?"

மனைவிக்குத் தெரியாமல் மகளுக்கு இன்னொரு பாடமும் நடத்தினேன். ஊரிலிருந்து யாராவது வந்தால் என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும். யார் என்று கேட்டால், பக்கத்து வீட்டுப் பெண், டியூஷன் படிக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். உம்மா என்ற சொல் வாயில் வரக் கூடாது. இதை ஒரு விளையாட்டு போலப் பலமுறை சொல்லிக் கொடுத்தேன். அவள் ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

அவளுக்கு எட்டு வயது நடந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் என் அண்ணாவின் குரல் கேட்டது. இரண்டு ரயில் மாறி, ஆலைக் காவலாளியிடம் வழி விசாரித்து வந்திருந்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் மகள் கதவைத் திறந்துவிட்டாள். மனைவி சமையலறையில் இருந்தாள். அந்த அறைக்குப் பின்வாசல் கிடையாது.

"சார், உங்களத் தேடி வந்திருக்காங்க" என்றாள் மகள்.

அண்ணா உள்ளே வந்து உட்கார்ந்தார். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடா இத்தனை பெரிய ஜாகை? யாரு இந்தக் கொழந்தை?"

"பக்கத்து வீடு. டியூஷனுக்கு வந்திருக்கேன்" என்று அவளே சொன்னாள்.

"என்ன சொல்லிக் குடுத்திருக்கார், எங்கே சொல்லு பாப்போம்."

அவள் கைகட்டி நின்று ஒரு பாசுரத்தைப் பிசகில்லாமல் சொன்னாள். அண்ணாவின் முகம் மலர்ந்தது. "பேஷ். நம்மாத்துக் கொழந்தைகளே இப்படிச் சொல்றதில்லை." பிறகு சாதாரணமாகக் கேட்டார். "உங்க அப்பா என்ன பண்றார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"எனக்கு அப்பா இல்ல."

அண்ணா "அடடா" என்று அவள் தலையைத் தடவினார். கோயில் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் அவளுக்குக் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அவர் குடிக்கத் தீர்த்தம் கேட்டார். நான் சமையலறைக்குள் போனேன். மனைவி சொம்பை நீட்டினாள். நான் பிடித்த பிறகும் அவள் உடனே விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இழுத்துத்தான் வாங்கினேன்.

அண்ணா ஒரு ஜாதகம் கொண்டுவந்திருந்தார். "இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி இருக்கப் போறே? அப்பாவுக்கும் வயசாறது." நல்ல இடம், பெண் பத்தாவது படித்திருக்கிறாள் என்று விவரம் சொன்னார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "பாக்கலாம் அண்ணா" என்றேன். எங்களுக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு துணித்திரைதான் இருந்தது. மூன்று மணி நேரம் மனைவி அதற்குப் பின்னால் இருமாமல், நகராமல் இருந்தாள். மதிய ரயிலுக்கு அண்ணாவைக் கொண்டுவிட்டுத் திரும்பினேன்.

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சாயங்காலம்வரை மகள் என்னை 'சார்' என்றே கூப்பிட்டாள். பாடம் முடிந்துவிட்டது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை மனைவி மகளுக்கு நல்ல பாவாடை உடுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். பள்ளி வாசலில் நின்று திரும்பினாள்.

"உள்ள வாங்க. அப்பா பேரு கேப்பாங்க. இருக்கீங்களா இல்லையான்னு நீங்களே சொல்லிடுங்க."

உள்ளே தலைமையாசிரியர் நெற்றியில் திருமண்ணோடு உட்கார்ந்திருந்தார். திருவள்ளூர் ரயிலில் பார்த்த முகம்போல இருந்தது.

"எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

நேரமாகித்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்த ரயிலும் உண்டு. அவள் வற்புறுத்தவில்லை.

அன்று நான் திரும்பியதும் அவளே சொன்னாள். "மதம் இன்னான்னு கேட்டாரு. ரெண்டையும் சொன்னேன். ஒண்ணும் பேசாம எழுதிக்கினாரு. இதுக்கா மூணு வருசம்? அப்பா பேரு வந்தப்பதான் பேனாவ நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. கோடு போட்டுடுங்கன்னு சொல்லிட்டேன்."

அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே தபாலில் அனுப்பினேன். அந்தக் கடிதத்திலும் உண்மையை எழுதவில்லை. எழுபதுகளின் கடைசியில் அப்பா காலமான பிறகுதான் அண்ணாவிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அன்னிக்குப் பாசுரம் சொல்லித்தே, அந்தக் கொழந்தையா?"

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பற்றியோ கோயிலைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்ததும் அவளுடைய சான்றிதழைப் பார்த்தேன். தந்தை பெயருக்கான இடத்தில் அந்தக் கோடு அப்படியே இருந்தது. பாதுகாவலர் என்ற இடத்தில் அவள் உம்மாவின் பெயர். மனு கொடுத்துத் திருத்தி வாங்கிவிடலாம், எல்லா ஏற்பாடும் நானே செய்கிறேன் என்றேன்.

மகள் சான்றிதழை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தாள். "வேணாம்பா. திருத்தினா, அன்னிக்கு உம்மா பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."